மருத்துவச்சிகளின் பிள்ளைகளையே பிரசவப் பயிற்சிக்கு அழைத்த டாக்டர்: யார் இந்த மேரி புன்னன் லூகோஸ்?

கொச்சிக்குப் போனால் மட்டாஞ்சேரியைச் சுற்றாமல் வர மாட்டீங்க. அங்கே அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றும் இருக்கிறது. இப்படியொரு இடத்தில் பிரசவ அறைக்குப் புதிதாக வரும் நர்ஸுக்குப் படிப்பு மட்டும் போதாது. சீனியர்களோடு நின்று அந்த வேலையைத் தனியாகப் பழக வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் கேரளத்தில் இந்தப் பழக்கத்துக்கு வழிபோட்டவர்களில் ஒருவர் மேரி புன்னன் லூகோஸ். அவர் பணியாற்றியது கொச்சி ராஜ்ஜியத்தில் அல்ல, அதற்குத் தெற்கே இருந்த திருவிதாங்கூரில்.

அறிவியல் படிக்கத் தடை

1886இல் கோட்டயம் அருகே அய்மனத்தில் பிறந்தார். அப்பா அரண்மனை டாக்டர். ஆனாலும், பெண் என்பதால் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி அவருக்கு அறிவியல் பிரிவில் இடம் தரவில்லை. வரலாறு படித்துப் பட்டம் வாங்கினார். பிறகு லண்டன் போய் எம்பிபிஎஸ் முடித்தார். அதோடு நிற்கவில்லை. பிரசவ மருத்துவத்துக்கென்றே டப்ளினின் ரொட்டுண்டா மருத்துவமனையில் பயிற்சி எடுத்தார்.

போட்டி அல்ல, கூட்டணி

1916இல் ஊர் திரும்பி, திருவனந்தபுரம் தைக்காடு மகளிர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். அன்று பிரசவம் என்றால் வீடுதான், ஊர் மருத்துவச்சிதான். ஆஸ்பத்திரி என்றாலே பயம். சிக்கல் வந்தால் தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்து.

மருத்துவச்சிகளை ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசிச்சுப் பாருங்க. பிழைப்பு போகிறது என்று அவர்கள் எதிர்த்திருப்பார்கள். ஊரும் அவர்கள் பேச்சைத்தான் கேட்டிருக்கும். மேரி அவர்களுடைய பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி தொடங்கினார். மருத்துவச்சிகளின் ஆதரவு கிடைத்தது. ஊர் நம்பிய குடும்பத்திலிருந்தே பயிற்சி பெற்ற ஆட்களும் வந்தார்கள்.

கேரளத்தின் முதல் சிசேரியனை 1920இல் செய்தவரும் இவர்தான் என்பார்கள்.

நாகர்கோவில் தொடர்பு

1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். 32 அரசு மருத்துவமனைகள் அவர் பொறுப்பில் வந்தன. ஒரு பெண் அந்தப் பதவிக்கு வருவது அன்று உலக அளவிலேயே அபூர்வம். அப்போது திருவிதாங்கூரில் இருந்த நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனையை நிறுவியவரும் அவரே.

1975இல் பத்மஸ்ரீ விருது தேடி வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 2 அன்று, 90 வயதில் காலமானார்.

புதிய ஆட்களுக்குப் பயிற்சி தருவது பெரிய வேலைதான். ஆனா, யாரைக் கூப்பிட்டுப் பயிற்சி தருவது என்ற கேள்விக்கு மேரி கண்ட பதில்தான், ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கும் நடுவே இருந்த தூரத்தைக் குறைத்தது.