சுவாமி சகஜானந்தர்

பிறந்த ஊரை விட்டுப் பிரிதல் உழவர்க்கு எளிதன்று. அவர்தம் வாழ்வு மண்ணோடு பிணைந்தது. ஆயினும், வானம் பொய்த்து வயிறு காயுங்கால், அம்மண்ணையும் துறந்து செல்லும் நிலை நேர்ந்துவிடுகின்றது. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு ஏழை உழவர் பலர் கடல் கடந்து அமெரிக்கா சென்று, காடு திருத்திக் கழனி கண்டனர். அவர்கள் பட்ட துன்பம் பெரிது. எனினும், 1862ஆம் ஆண்டில் அங்கு எழுந்த சட்டத்தின்படி, குடியேறி உழுதவர்க்கு 160 ஏக்கர் நிலம் உரிமையாகும் வாய்ப்பாவது இருந்தது. நம் ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து பெயர்ந்த ஏழைகட்கோ அத்தகைய வாய்ப்பும் இல்லை.

1876ஆம் ஆண்டில் தொடங்கிய தாது ஆண்டுப் பஞ்சம் தமிழகத்து ஊர்களை வாட்டி வதைத்தது. அதன்பின் நிலமற்ற கூலி மக்கள் கூட்டங் கூட்டமாகக் கோலார் தங்கவயலுக்குச் சென்றனர். பாலாறு கோலார்ப் பகுதியினின்றும் ஆர்க்காட்டை நோக்கிப் பாய்வது. மக்களோ பிழைப்பை நாடி, அவ்வாற்றின் போக்குக்கு எதிராக நடந்தனர். அங்கே 1880ஆம் ஆண்டு முதல் ஆங்கிலக் குழுவினர் சுரங்கங்களைத் தோண்டி வந்தனர். வெளிச்சமும் காற்றும் குறைந்த ஆழத்தில் இறங்கிப் பாறையைத் துளைத்தலும், வெடிவைத்துத் தகர்த்தலும், கற்களை அள்ளுதலும் தொழிலாளர் கடமையாயின. சில வேளைகளில் பாறை தானே வெடித்து உயிர்களைக் கொள்ளும். தப்பியோருள்ளும் பலரைக் கல்தூசி நெஞ்சில் படிந்து நோயாய் வருத்தும். மூங்கில் தட்டிகளால் அமைந்த சிறு குடிசைகளே அவர்தம் இல்லங்கள். தோண்டியது பொன், உண்டதோ கூழ்!

இவ்வாறு தங்கவயலை நாடிய குடும்பங்களுள் ஒன்று அண்ணாமலை, அலமேலு என்பாருடைய குடும்பம். ஆரணிக்கு அண்மையிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த இவர்கட்கு, 1890ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27ஆம் நாள் ஓர் ஆண்மகவு தோன்றியது. பெற்றோர் அம்மகவிற்கு முனுசாமி என்று பெயரிட்டனர். முனுசாமி திண்டிவனத்தில் கிறித்தவத் தொண்டர் நடத்திய பள்ளியில் பயின்றார். அவருக்குக் கல்வியில் வேட்கை மிகுதி. ஆனால் வறுமை அக்கல்வியை இடையிலே நிறுத்தியது. ஏடு பிடித்த சிறுவர் தங்கவயலுக்குச் செல்ல நேர்ந்தது.

உடல் அங்கிருப்பினும் அவர் உள்ளம் ஞானநூல்களையே நாடிற்று. பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் வாழ்ந்த கரபாத்திர சுவாமிகளை அடைந்தார். கையையே உண்கலமாகக் கொண்ட துறவி என்பது அப்பெயரின் பொருள். அவரிடம் தமிழும் வடமொழியும் கற்றுத் தெளிந்த முனுசாமி, துறவு பூண்டு சகஜானந்தர் ஆயினார்.

1910ஆம் ஆண்டில் சகஜானந்தர் தில்லைக்கு வந்தார். நந்தனார் கண்டு உருக விழைந்த தலம் அது. கொள்ளிடத்து நீரும் வீராணத்து நீரும் பாயும் அவ்வட்டாரத்தில் நெல் குறைவின்றி விளைந்தது. அந்நெல்லை நட்டு அறுத்த சேரி மக்களின் குடிசைகளிலோ பசி நீங்கவில்லை. அவர்தம் பிள்ளைகள் மாடு மேய்த்தனர். எழுத்தறியும் வழி அவர்கட்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்தது. தங்கவயலில் கண்ட துயரையே நெல்வயலிலும் கண்டார் சகஜானந்தர். ஊர் விட்டு ஊர் பெயர்வதால் மட்டும் ஏழையின் துயர் நீங்காது. கல்வியே அதனை நீக்கும் எனத் துணிந்தார்.

அத்துணிவின் பயனாக 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகம் தோன்றிற்று. பள்ளி தொடங்குதல் எளிது. பிள்ளைகளைச் சேர்த்தல் அரிது. மாடு மேய்க்கும் சிறுவன் கொணரும் சிறு கூலியும் அவன் வீட்டு உலையைக் கொதிக்கச் செய்வது. அவனைப் பள்ளிக்கு அனுப்பினால் அவ்வருவாய் நின்றுவிடும். இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தமையால், பாடத்தோடு உணவும் உறைவிடமும் அளிக்க அவர் முற்பட்டார். தமக்கென ஒன்றும் வேண்டாத துறவியாகிய அவர், பிறர் பிள்ளைகளின் சோற்றுக்காகப் பொருளுடையாரிடம் கையேந்தத் தயங்கவில்லை. நாளடைவில் பெண் பிள்ளைகளும் பயிலப் பள்ளி அமைந்தது.

1926ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். தாழ்த்தப்பட்டோரின் கல்விக்காகவும் குடியிருப்பு மனைக்காகவும் கோயில் நுழைவுரிமைக்காகவும் அங்கே வாதாடினார். நாடு விடுதலை பெற்றபின், 1952ஆம் ஆண்டிலும் 1957ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த தேர்தல்களில் சிதம்பரம் தொகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். 1959ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், உழைப்பாளர் திருநாளன்று, உழைப்பாளர் குடியிற் பிறந்த அப்பெரியார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

கோலார்ச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அங்கு எடுத்த பொன் எங்கெங்கோ சென்றது. ஆயின் கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில், நந்தனார் பெயர் தாங்கிய பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. வறுமையால் தம் கல்வி தடைப்பட்டபோது அவர் எத்துணை வருந்தியிருத்தல் வேண்டும்! அவ்வருத்தம் பிறர்க்கு நேராதவாறு காத்ததே அவர் வாழ்வின் பெருமை. தாம் பெறாததைப் பிறர் பெறக் கண்டு மகிழும் உள்ளமே பொன்னினும் உயர்ந்த செல்வம் என்பதை மாணவர்கள் உணர்வார்களாக.