நாவலர் பெருமானும் பாலரிலக்கணமும்

நாவலர் பெருமானைப்பற்றி மலர்களில் எழுதுவோர் அவர் சைவங் காத்த வரலாற்றையே பெரும்பாலும் எடுத்து விரிப்பர். அது தக்கதே. ஆயினும், இருபதாண்டுகளாகப் பாலர்க்குத் தமிழ் படிப்பித்து வரும் நமக்கு அவர்தம் வாழ்வின் மற்றொரு பகுதியே நெஞ்சில் நிலைத்து நிற்கின்றது. சிறு பிள்ளைக்கு இலக்கணத்தை எங்ஙனம் உணர்த்துவது என்று ஆராய்ந்து வழிகண்ட ஆசிரியர் அவர்.

ஆறுமுகம் என்னும் பிள்ளைத் திருநாமமுடைய நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினார். அந்நாளிலே திண்ணைப்பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகி, நீதிநூல்களையும் நிகண்டையும் மனனஞ் செய்து, பின்னர் நன்னூற் சூத்திரங்களைப் பாராயணம் பண்ணுவர். சூத்திரம் முன்னே வரும். பொருள் பின்னே வரும். பொருள் வருமுன்னரே படிப்பு நின்றுபோன பிள்ளைகள் பலர். ஆறுமுகமோ இருபாலைச் சேனாதிராய முதலியார், நல்லூர்ச் சரவணமுத்துப் புலவர் ஆகிய பெரும்புலவர்களை அடுத்துப் பொருளுங் கைவரப்பெற்றார். அத்தகைய ஆசிரியர் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

பின்னர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியருமாகி, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றார். வகுப்புக்கேற்ற அச்சுப் புத்தகமும், எளிதிலிருந்து அரிதுக்குச் செல்லும் படிமுறையும் பிள்ளைகளுக்கு எத்துணைப் பயன் தருவன என்பதை அவர் அங்கே நேரிற் கண்டார். கண்டதைத் தம்மவர்க்கும் ஆக்கித் தரத் துணிந்தார். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். வேதனம் தந்த மிஷன் உத்தியோகத்தையும் துறந்தார். இல்லறத்தையும் மேற்கொண்டாரல்லர்.

பாடசாலை எழுந்தது, பாடப்புத்தகமோ இல்லை. 1849இல் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுத் தமிழகஞ் சென்றார். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் வழங்கினர். மீண்டபின் பாலபாடங்கள் வெளிவந்தன. இலக்கண வினாவிடையும் இலக்கணச் சுருக்கமும் அவர் பாலர்க்கு அளித்த பெருங்கொடைகள்.

இவற்றின் சிறப்பை ஆசிரியத் தொழில் செய்வார் நன்கறிவர். நன்னூலைச் செம்மையுற அச்சேற்றிய அப் பேரறிஞர், பிள்ளைகளுக்கு எழுதும்போது சூத்திரத்தை ஒதுக்கி வசனத்தைக் கைக்கொண்டார். ஒரு வினா, அதற்குச் சுருங்கிய விடை, உடனே உதாரணம். இயல் முடிந்தவிடத்தே தேர்வு வினாக்கள். ஆகுபெயர், அளபெடை, அன்மொழித்தொகை என்னும் கலைச்சொற்களை அவர் கைவிட்டாரல்லர். பிள்ளைகளுக்கு அவை வேண்டா என்று கருதினாருமல்லர். பெயரையும் பொருளையும் பிரியாமல் ஒருங்கே கொடுத்தார்.

இதன் அருமையை யாம் ஒரு பிழையினால் அறிந்தோம். ஆசிரியராய் அமர்ந்த புதிதிலே, உவமைத்தொகையின் வகைகளை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நெட்டுருப் பண்ணுவித்தோம். வினை, பயன், மெய், உரு என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒப்புவித்தது. யாமும் மகிழ்ந்திருந்தோம். மேற்பார்வைக்கு வந்த பெரியவர் ஒருவர் ஒரு சிறுவனை எழுப்பி, மழைக்கை என்பதற்குப் பொருள் வினவினார். மழையில் நனைந்த கை என்றான் அவன். வகுப்பு நகைக்கவில்லை, ஏனையோரும் அங்ஙனமே எண்ணியிருந்தனர். எமக்கோ தலைநிமிர இயலவில்லை.

அன்றிரவு இலக்கணச் சுருக்கத்தை மீண்டும் எடுத்துப் படித்தோம். மறுநாள் பெயர்களை நிறுத்திப் பொருள்களைக் காட்டினோம். மழை கைம்மாறு கருதாது வழங்கும். வள்ளலின் கையும் அவ்வாறே வழங்கும். ஆதலின் மழைக்கை பயனுவமை. புலிபோலப் பாயும் கொற்றன் புலிக்கொற்றன், அது வினையுவமை. உடுக்குப்போல நடுவே ஒடுங்கிய வடிவினால் துடியிடை மெய்யுவமை. செந்நிறத்தாற் பவளவாய் உருவுவமை. நான்கும் விளங்கியபின் பிள்ளைகள் தாமே உதாரணந் தேடத் தொடங்கினர். முன்னாள் தவறிய அச் சிறுவனே தாயாரின் பேச்சைத் தேன்மொழி என்று கூறினான். அணியிலக்கணத்தின் வாயிலை அவன் அன்று மிதித்துவிட்டான்.

நாவலர் 1864இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1872இல் வண்ணார்பண்ணையிலே சைவப் பிள்ளைகளுக்கென ஆங்கில வித்தியாசாலையொன்றைத் தொடங்கினார். பொருள் முட்டினால் அது சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், தம் 57ஆம் அகவையிலே அவர் இறைவனடி சேர்ந்தார். நின்றுபோன அவ் வெண்ணம் 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாய் உருப்பெற்றதை அவர் காணவில்லை.

பழைய மாணவர்களாகிய அன்பர்களே, உங்களுட் பலர் இன்று தந்தையரும் பாட்டனாரும் ஆவீர். வீட்டிலே பிள்ளை அணிகளின் பெயர்களை உரக்க ஒப்புவிக்கும்போது, அருகழைத்து ஓர் உதாரணங் கேளுங்கள். அவன் தயங்கினாற் சினவாது, முற்றத்து மழையையும் வேலியோரத்துப் பூவையும் காட்டிச் சொல்லிக் கொடுங்கள். நாவலர் பெருமானுக்கு நாம் செலுத்தத்தக்க கடன்களுள் அதுவும் ஒன்றாகும்.