மூன்று முறை தட்டப்பட்ட கதவு: அமெரிக்கா போக நினைத்த ஐடா ஸ்கடர், வேலூர் சி.எம்.சி-யை உருவாக்கியது எப்படி?

காட்பாடி ரயில் நிலையத்தில் காலையில் வந்து நிற்கும் வட இந்திய ரயில்களைப் பார்த்திருக்கிறீர்களா? மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள், கையில் ஸ்கேன் ரிப்போர்ட் கவரோடு இறங்குவார்கள். அதில் பெரும்பாலானவர்கள் போகும் இடம் ஒன்றுதான். வேலூர் சி.எம்.சி மருத்துவமனை.

இந்த மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர். மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். ஆனா, மிஷனரியாக மட்டும் ஆகவே கூடாது என்று இளம் வயதிலேயே முடிவு செய்திருந்தவர். அந்த முடிவை ஒரே ராத்திரி மாற்றியது.

தேவ சித்தம், அதாவது கடவுள் என் வாழ்க்கையில் என்ன விரும்புகிறார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு உதாரணமாக சபைகளில் ஐடாவின் கதையைச் சொல்வது உண்டு. பெரும்பாலும் அந்த ஒரு ராத்திரியோடு கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கும் மேல் அவர் என்ன செய்தார் என்பதில்தான் அந்தக் கேள்விக்கான முழு பதில் இருக்கிறது.

யார் இந்த ஐடா ஸ்கடர்?

ஐடா பிறந்தது 1870 டிசம்பர் 9, ராணிப்பேட்டையில். அப்பா ஜான் ஸ்கடர் ஒரு மிஷனரி மருத்துவர். அம்மா சோபியா. அந்த வீட்டில் ஒரே பெண் பிள்ளை ஐடாதான்.

தாத்தாவின் பெயரும் ஜான் ஸ்கடர்தான். நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்தபோது, அங்கே கிடந்த ஒரு சிறு பிரசுரத்தை எடுத்துப் படித்தார். வெளிநாடுகளுக்கு ஊழியர்கள் தேவை என்று சொன்ன பிரசுரம் அது. படித்தவர் தொழிலை விட்டுவிட்டு 1819-ல் மனைவியோடு கப்பல் ஏறினார். முதலில் யாழ்ப்பாணம், பிறகு சென்னை. அமெரிக்காவில் இருந்து வந்த முதல் மருத்துவ மிஷனரி இவர்தான்.

அவருக்குப் பின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என நான்கு தலைமுறைகளில் 40-க்கும் மேற்பட்ட ஸ்கடர்கள் இந்த வேலைக்கு வந்தார்கள். ஸ்கடர் வீட்டில் பிறந்தால் இந்தியாதான் என்கிற அளவுக்கு அது குடும்ப வழக்கமாகிவிட்டது.

ஐடா ஏன் மறுத்தார்?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சத்தின்போது ஐடா சின்னக் குழந்தை. அப்பா நிவாரண வேலையில் இருந்தார். கையை உயர்த்தக்கூட பலமில்லாத குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளைப் பிட்டுப் போட்டதுதான் ஐடாவின் ஆரம்பகால நினைவுகளில் ஒன்று.

பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. சில வருஷங்களில் அப்பா மட்டும் வேலைக்குத் திரும்பினார், அடுத்து அம்மாவும் போனார். ஐடா உறவினர்களிடம் வளர்ந்தார். ஊழியம் என்ற பெயரில் பெற்றோரைப் பிரிந்த வலி அவருக்கு நன்றாகத் தெரியும்.

மாசசூசெட்ஸில் பிரபல பிரசங்கியார் மூடி தொடங்கிய நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் படித்தார். ஸ்கடர் வீட்டுப் பெண் என்றதும், அடுத்து இந்தியாதானே என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஐடாவுக்கு அதில் விருப்பமே இல்லை. அமெரிக்காவில் படிப்பு, நண்பர்கள், கல்யாணம், வசதியான வாழ்க்கை. இதுதான் அவர் போட்டிருந்த கணக்கு.

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. பார்த்துக்கொள்ள ஐடா திண்டிவனம் வந்தார். அம்மா குணமானதும் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

அந்த ராத்திரி என்ன நடந்துச்சு?

திண்டிவனம் பங்களாவில் ஒரு ராத்திரி கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஒரு பிராமண இளைஞர். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, உடனே வர வேண்டும் என்று ஐடாவிடம் கெஞ்சினார். நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர், அவர் வருவார் என்று ஐடா சொன்னார். அந்த இளைஞர் ஒத்துக்கொள்ளவில்லை. வெளி ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்ப்பதை அவர்கள் வழக்கம் அனுமதிக்காது.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. இந்த முறை ஒரு முஸ்லிம். அதே பிரச்சினை, அதே கோரிக்கை, அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்து வந்தார். அவரும் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்.

ஐடா அன்றிரவு தூங்கவில்லை. விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. விசாரித்து வர ஆள் அனுப்பினார். மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

மூவரின் சாதி வேறு, மதம் வேறு. சாவுக்குக் காரணம் மட்டும் ஒன்று. அவர்களைத் தொட்டு வைத்தியம் பார்க்க அந்த ஊரில் ஒரு பெண் மருத்துவர் இல்லை. அப்பா பக்கத்திலேயே இருந்தும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஐடா தன் அறைக்குள் போய் நீண்ட நேரம் ஜெபித்தார். வெளியே வந்து, அமெரிக்கா போய் மருத்துவம் படித்துவிட்டு இந்தியப் பெண்களுக்காகத் திரும்பி வருவேன் என்று பெற்றோரிடம் சொன்னார்.

இதை ஏன் தேவ சித்தம் என்று சொல்கிறார்கள்?

பைபிளில் சாமுவேல் என்ற சிறுவனின் கதை உண்டு. ராத்திரியில் கடவுள் அவனைக் கூப்பிடுவார். குருதான் அழைக்கிறார் என்று நினைத்து அவன் மூன்று முறை ஓடுவான். ஐடாவின் மூன்று கதவுத் தட்டல்களைப் பலர் அந்தக் கதையோடு ஒப்பிடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனா ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஐடாவின் கதையில் வானத்தில் இருந்து குரல் எதுவும் கேட்கவில்லை, கனவும் வரவில்லை. வந்தவர்கள் மூன்று கணவர்கள். அவர்கள் கேட்டது உதவி. அந்தத் தேவையைத்தான் ஐடா அழைப்பாக எடுத்துக்கொண்டார்.

கடவுளின் சித்தத்தை அறிய வேதவாசிப்பு, ஜெபம், சூழ்நிலை, அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை, மனதின் அமைதி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சபைகளில் பொதுவாகச் சொல்லித் தருவார்கள். இதில் ஒன்று மட்டும் இருந்தால் ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. தனக்குப் பிடித்ததையே கடவுளின் விருப்பம் என்று சொல்லிக்கொள்வது ரொம்ப ஈஸி. ஐடா விஷயத்தில் அந்தச் சந்தேகம் எழவே வாய்ப்பில்லை. ஏன்னா, அவர் ஆசைப்பட்டதற்கு நேர் எதிரானது இது.

முடிவெடுத்த உடனே எல்லாம் நடந்துவிட்டதா?

இல்லை. 1895-ல் பிலடெல்பியாவில் உள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறி 1899-ல் பட்டம் பெற்றார். அங்கே மருத்துவம் முடித்த முதல் பெண்களில் அவரும் ஒருவர். அழைப்பு வந்துவிட்டது என்பதற்காக அவர் படிப்பில் குறுக்கு வழி தேடவில்லை.

கப்பல் ஏறுவதற்கு முன் வேலூரில் பெண்கள் மருத்துவமனை கட்ட நிதி திரட்டினார். நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பவர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அன்றைக்கு அது மிகப் பெரிய தொகை.

1900 தொடக்கத்தில் இந்தியா வந்தார் ஐடா. அப்பாவிடம் சில வருஷங்கள் வேலை பழகலாம் என்று நினைத்திருந்தார். வந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துபோனார். அனுபவமில்லாத இளம் டாக்டரை நம்பி நோயாளிகள் உடனே வரவும் இல்லை.

கடவுள்தான் அழைத்தார் என்றால் இப்படி ஏன் நடக்கணும்? நம்பிக்கையுள்ள யாருக்கும் வரக்கூடிய கேள்விதான். ஐடா பின்வாங்கவில்லை. வேலூர் வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் வந்தது. இரண்டு வருஷத்தில் சுமார் 5,000 பேருக்குச் சிகிச்சை கொடுத்தார். 1902-ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு திறக்கப்பட்டது.

ஒரு டாக்டர் போதுமா?

வேலூருக்கு வர முடியாத கிராமத்துப் பெண்கள் என்ன செய்வார்கள்? ஐடா மாட்டு வண்டியில் கிளம்பினார், பிறகு காரில் போனார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருப்பார்கள். அங்கேயே இறங்கி, சாலையோரத்திலேயே மருந்து கொடுப்பார். இன்றைய மொபைல் கிளினிக் போல.

ஆனாலும் தேவை முடியவில்லை. ஐடா ஒருவர் எத்தனை கதவுகளுக்குப் போக முடியும்? இந்தியப் பெண்களையே நர்ஸாகவும் டாக்டராகவும் ஆக்குவதுதான் ஒரே வழி என்ற முடிவுக்கு வந்தார். 1909-ல் நர்சிங் பள்ளி, 1918 ஆகஸ்ட்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

பெண்கள் மருத்துவம் படிக்க வருவார்களா என்று அதிகாரிகளுக்கே சந்தேகம். ஓரிருவர் வந்தாலே அதிகம் என்ற எண்ணம் அவர்களுக்கு. வந்ததோ, இருந்த இடங்களைவிடப் பல மடங்கு விண்ணப்பங்கள். 1922-ல் அந்த முதல் பேட்ச்சின் 14 மாணவிகள் இறுதித் தேர்வு எழுதினார்கள். 14 பேருமே பாஸ்.

கொள்கையையே மாற்றச் சொன்ன நெருக்கடி

1930-களின் கடைசியில் பெரிய சோதனை வந்தது. மருத்துவ டிப்ளமோ படிப்பை நிறுத்திவிட்டு, எம்.பி.பி.எஸ் பட்டப்படிப்பை மட்டும் அனுமதிப்பது என்று சென்னை மாகாண அரசு முடிவெடுத்தது. தரத்தை உயர்த்தாவிட்டால் வேலூர் பள்ளியை மூட வேண்டியதுதான். கூடுதல் படுக்கைகள், உயர்படிப்பு முடித்த பேராசிரியர்கள், பெரும் பணம் எல்லாம் தேவைப்பட்டது. இதற்கிடையே இரண்டாம் உலகப் போரும் ஆரம்பித்துவிட்டது.

பல திருச்சபைகள் சேர்ந்து உதவினால் தப்பிக்கலாம். ஆனால் அதற்கு ஆண்களையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியாக மாற வேண்டும். இதில்தான் ஐடாவுக்குச் சிக்கல். மூன்று பெண்களின் சாவில் இருந்து பிறந்தது அவர் அழைப்பு. பெண்களுக்காக, பெண்களைக் கொண்டு என்பதுதான் அவர் வாழ்நாள் வேலை.

அவருக்காக 1920-களில் அமெரிக்காவில் பெரும் நிதி திரட்டிக் கொடுத்த தோழி லூசி பீபாடி இதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்காகவே அமெரிக்கப் பெண்கள் கொடுத்த பணம் இது என்பது அவரது வாதம். அதில் நியாயம் இருந்தது. எதிர்ப் பக்கத்திலும் நியாயம் இருந்தது. இரு தரப்புமே ஜெபிக்கிறவர்கள். இரு தரப்புமே கடவுளின் விருப்பத்தைத்தான் தேடினார்கள்.

ஐடா யோசித்தார், ஜெபித்தார், சக ஊழியர்களோடு பேசினார். கடைசியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் கல்லூரி என்ற முடிவை ஏற்றுக்கொண்டார். நீண்ட நாள் நட்பில் விரிசல் விழுந்தது. அதையும் தாங்கிக்கொண்டு, 70 வயதைக் கடந்த நிலையிலும் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார்.

1942-ல் எம்.பி.பி.எஸ் படிப்பு தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் இங்கே வேலைக்கு வந்தவர்தான்.

கடைசியில் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்?

1946-ல் ஐடா ஓய்வு பெற்றார். அதன்பின் கல்லூரியின் தலைமைக்கு வந்தவர் டாக்டர் ஹில்டா லாசரஸ், விசாகப்பட்டினத்தில் பிறந்த இந்தியப் பெண். பெண் மருத்துவரே இல்லாததால் மூன்று பெண்கள் இறந்துபோன ராத்திரியில் தொடங்கிய வேலை, ஒரு இந்தியப் பெண் மருத்துவரின் கைக்கு வந்து சேர்ந்தது.

கடைசிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்த ஐடா, 1960 மே மாதம், 89 வயதில் காலமானார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஐடாவின் வாழ்க்கை சொல்வது என்ன?

தேவ சித்தம் என்றதும் எந்த வேலை, எந்த வரன், எந்த ஊர் என்பதற்கு ஒரே நாளில் கிடைக்கும் பதிலாகவே பலரும் நினைக்கிறார்கள். ஐடாவுக்கு அந்த ராத்திரி கிடைத்தது முதல் அடி மட்டும்தான். மருத்துவப் பள்ளி, பட்டப்படிப்பு, ஆண் மாணவர்கள் எதுவுமே அன்றைக்கு அவருக்குத் தெரியாது. அப்பா இறந்தபோதும், அரசு விதி மாறியபோதும், தோழி எதிர்த்தபோதும் அதே கேள்வியை அவர் மறுபடி மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

தான் ஆசையாகக் கட்டிய வடிவத்தை விட்டுக்கொடுக்க முடிந்தது, சிகிச்சை கிடைக்காமல் யாரும் சாகக் கூடாது என்பதை மட்டும் அவர் விடவில்லை. கிறிஸ்தவர் அல்லாத லட்சக்கணக்கானோரும் இன்றைக்கு சி.எம்.சி வாசலில் போய் நிற்கிறார்கள். அங்கே அவர்களுக்குத் தேவைப்படுவது ஒரு டாக்டர். அந்த ராத்திரி திண்டிவனத்தில் கதவைத் தட்டிய மூவருக்கும் தேவைப்பட்டது அதுதான்.