தன் செலவில் கடல் கடந்த அணித்தலைவி: பெட்டி ஆர்ச்டேல்

கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் எழும் கேள்வி, அவர் எத்தனை ஓட்டங்கள் எடுத்தார் என்பதுதான். அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் பெட்டி ஆர்ச்டேல் அம்மையார் சாதாரண ஆட்டக்காரர். ஐந்து டெஸ்ட் ஆட்டங்களில் 133 ஓட்டங்கள். ஒரு முறைகூட ஐம்பதைத் தொடவில்லை. ஆட்டமிழக்காமல் எடுத்த 32 ஓட்டங்களே அவரது மிகச் சிறந்த ஆட்டம். ஆயினும், மகளிர் கிரிக்கெட்டின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் இவர் பெயரைக் குறிப்பிடாமல் முதல் பக்கத்தைக் கடக்க முடியாது. உலகின் முதல் மகளிர் டெஸ்ட் ஆட்டத்தில் இங்கிலாந்து அணியை வழிநடத்தியவர் இவரே. போர்க்காலத்தில் நம் அண்டை நாடான சிங்கப்பூரிலும் இவரது காலடி பதிந்துள்ளது. ஆகவே, இவர் வாழ்க்கையை நாம் அறிந்துகொள்வது பொருத்தமே.

பாட்டி, தாய், மகள்

ஹெலன் எலிசபெத் ஆர்ச்டேல் என்பது இவரது முழுப்பெயர். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் லண்டனில் பிறந்தார். உரிமைக்காகப் போராடுவது இவர் குடும்பத்தில் வழிவழியாக வந்த வழக்கம் எனலாம்.

இவருடைய பாட்டி ஹெலன் எவன்ஸ். 1869ஆம் ஆண்டில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்த ஏழு பெண்களுள் ஒருவர். பிரிட்டனில் பல்கலைக்கழகத்துள் மாணவியராக நுழைந்த முதல் பெண்கள் அவர்கள்தாம். ஆனால், அவர்களுக்குப் பட்டம் தரப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. 150 ஆண்டுகள் கழித்து, 2019இல்தான் அந்த எழுவருக்கும் கௌரவப் பட்டங்கள் வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொள்ள அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை.

தாய் ஹெலன் ஆர்ச்டேல், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். 1909இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் கைதாகிச் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். பின்னர் லண்டனில் சன்னல் கண்ணாடிகளை உடைத்த போராட்டத்திலும் சிறை சென்றார். அம்மா எறிவதற்காகக் கற்களைப் பொறுக்கித் தந்ததையும், சிறைக்குச் சென்று அம்மாவைப் பார்த்ததையும் பெட்டி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மற்றப் பிள்ளைகள் விளையாடுவதற்குக் கல் பொறுக்கிய வயது அது. இராணுவ அதிகாரியாக இருந்த தந்தை 1918இல், முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் உயிரிழந்தார்.

இத்தகைய வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு, இது ஆண்களின் வேலை, இது பெண்களின் வேலை என்ற பாகுபாடு எப்படிப் புரியும்? பெட்டி பள்ளியிலேயே கிரிக்கெட் பழகினார். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் லண்டனில் சட்டம் பயின்றார்.

சம்பளம் இல்லாத ஆட்டம்

இன்று தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் மாதச் சம்பளமும் ஒப்பந்தமும் நம் நினைவுக்கு வருகின்றன. மகளிர் கிரிக்கெட்டில் அந்த எண்ணம் மிகப் பழையது. 1890ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து இரண்டு அணிகளை அமைத்து, ஊர் ஊராகக் காட்சி ஆட்டங்கள் நடத்தினார்கள். அதில் விளையாடிய பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைக்கூட வெளியிடாமல் புனைபெயரில் ஆடினார்கள். அம்முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை.

அதன்பின் 1926இல் இங்கிலாந்தில் மகளிர் கிரிக்கெட் சங்கம் தோன்றியது. இச்சங்கத்தினர் பணத்துக்காக ஆடவில்லை. அடக்கமான உடை, ஒழுங்கான ஆட்டம், யாரிடமும் கையேந்தாத நிர்வாகம் என்று நடந்துகொண்டால்தான் ஊரார் தங்களைக் கேலி செய்யாமல் மதிப்பார்கள் என்பது அவர்கள் கணிப்பு. வெள்ளைப் பாவாடையும் நீண்ட வெள்ளைக் காலுறையும் அணிந்து ஆடினார்கள்.

1934இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அழைப்பு வந்தது. இங்கிலாந்து மகளிர் அணி முதன்முறையாகக் கடல் கடந்து செல்லவிருந்தது. ஆனால், செலவை யார் ஏற்பது? ஆட்டக்காரர்களே ஏற்க வேண்டும். கப்பல் பயணத்திற்கு ஒவ்வொருவரும் ஏறத்தாழ 80 பவுன் கட்ட வேண்டும். ஆறு மாதம் வேலையை விட்டுச் செல்லவும் முடிய வேண்டும். அன்றைய நிலையில் அது பெருந்தொகை. திறமை மட்டும் இருந்து பயனில்லை. கையில் பணமும் விடுப்பும் இருந்தால்தான் அணியில் இடம். இங்கிலாந்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரிகள் எல்லாரும் அந்தக் கப்பலில் ஏறினார்கள் என்று சொல்ல முடியாது. ஏற முடிந்தவர்களுள் சிறந்தவர்கள் ஏறினார்கள். இந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது.

அந்த அணிக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெட்டி ஆர்ச்டேல். அப்போது அவருக்கு வயது 27.

களத்தில் எழுதிய வரலாறு

அந்தப் பயணம் இக்கட்டான நேரத்தில் அமைந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1932-33இல் ஆஸ்திரேலியா சென்ற இங்கிலாந்து ஆண்கள் அணி, மட்டையாளரின் உடலைக் குறிவைத்துப் பந்து வீசியது. அதனால் இரு நாடுகளுக்கிடையே பெரும் மனக்கசப்பு ஏற்பட்டிருந்தது. அந்தக் கசப்பு ஆறாத நிலையில் இன்னோர் இங்கிலாந்து அணி, அதுவும் பெண்கள் அணி, வந்து இறங்குகிறது. ஆட்டத்தில் வெல்வதோடு, பார்ப்பவர் மனத்தையும் வெல்ல வேண்டிய பொறுப்பு தலைவிக்கு இருந்தது.

1934ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பிரிஸ்பேன் நகரில் உலகின் முதல் மகளிர் டெஸ்ட் ஆட்டம் தொடங்கியது. ஆஸ்திரேலிய அணியின் தலைவி மார்கரெட் பீடன். முதலில் ஆடிய ஆஸ்திரேலியா 47 ஓட்டங்களில் சுருண்டது. இங்கிலாந்தின் மர்ட்டல் மெக்லகன் 10 ஓட்டங்களை மட்டும் கொடுத்து ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்தார். பந்து வீசியதோடு நில்லாமல், மட்டை பிடித்து 72 ஓட்டங்களும் எடுத்தார். இந்த மெக்லகன் இந்தியாவின் அம்பாலாவில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவும் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. அந்நாட்டின் ஆன் பால்மர் 18 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். முடிவில் இங்கிலாந்து ஒன்பது விக்கெட் வேறுபாட்டில் வென்றது.

1935 சனவரியில் சிட்னியில் நடந்த இரண்டாவது டெஸ்டில் மெக்லகன் 119 ஓட்டங்கள் எடுத்தார். மகளிர் டெஸ்ட் வரலாற்றின் முதல் சதம் அது. அந்த ஆட்டத்திலும் இங்கிலாந்துக்கே வெற்றி. மெல்போர்னில் நடந்த மூன்றாவது ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அங்கிருந்து அணி நியூசிலாந்துக்குச் சென்றது. பிப்ரவரியில் கிறைஸ்ட்சர்ச் நகரில் நடந்த ஆட்டத்தில் நியூசிலாந்து 44 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. இங்கிலாந்து ஐந்து விக்கெட் இழப்புக்கு 503 ஓட்டங்கள் குவித்தது. பெட்டி ஸ்னோபால் மட்டும் 189 ஓட்டங்கள் எடுத்தார். அச்சாதனையை முறியடிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1986இல் இந்தியாவின் சந்தியா அகர்வால் 190 ஓட்டங்கள் எடுத்து அதைக் கடந்தார். கிறைஸ்ட்சர்ச் ஆட்டத்தில் இங்கிலாந்து ஓர் இன்னிங்சும் 337 ஓட்டங்களும் முன்னணியில் வென்றது.

ஆக, ஆர்ச்டேல் தலைமையில் நான்கு டெஸ்ட் ஆட்டங்கள். மூன்று வெற்றி, ஒரு சமநிலை, தோல்வியே இல்லை. இந்த நான்கிலும் பெரிய ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் குவித்தவர்கள் மற்றவர்கள். அவர்களை ஒன்றுசேர்த்து ஆறு மாத காலம் வெளிநாட்டில் நடத்திச் சென்றவர் ஆர்ச்டேல். அந்த வேலைக்கு ஓட்டப் பட்டியலில் கட்டம் கிடையாது.

சிங்கப்பூரில் ஒரு கடற்படை அதிகாரி

இரண்டாம் உலகப்போர் மூண்டதும் ஆர்ச்டேல், ரென்ஸ் என்று அழைக்கப்பட்ட அரச கடற்படை மகளிர் பிரிவில் சேர்ந்தார். 1941இல் கம்பியில்லாத் தந்தி பயின்ற இளம்பெண்கள் குழு ஒன்றுக்குப் பொறுப்பேற்றுச் சிங்கப்பூர் வந்தார். ஜொகூர் நீரிணையை அடுத்த கிராஞ்சியில் கடற்படையின் தந்தி நிலையம் இருந்தது. ஜப்பானியக் கடற்படை அனுப்பும் செய்திகளைக் காதில் வாங்கி எழுத்தில் பதிவதே அப்பெண்களின் பணி. ஒரு புள்ளியைத் தவறவிட்டாலும் செய்தி மாறிவிடும்.

சப்பானியர் மலாயாவில் வேகமாக முன்னேறினர். சிங்கப்பூர் வீழ்வதற்குச் சில வாரங்களுக்கு முன், 1942 சனவரியில் இக்குழு கொழும்புக்கு மாற்றப்பட்டது. ஏப்ரலில் கொழும்பின் மீதும் குண்டுகள் விழுந்தன. பின்னர் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் மொம்பாசாவுக்கு அருகிலுள்ள கிலிண்டினிக்குப் பணி இடம் மாறியது. போர்க்காலச் சேவைக்காக ஆர்ச்டேலுக்கு ஓ.பி.இ. விருது வழங்கப்பட்டது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது என்று தேசியப் பள்ளியில் நாம் அனைவரும் மனனம் செய்திருக்கிறோம். தேர்வுக்கு அந்தத் தேதி போதும். காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு கிராஞ்சியில் இரவெல்லாம் விழித்திருந்த பெண்கள் அந்தத் தேதிக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பதைத் தேடிப் படித்தால்தான் அறிய முடிகிறது.

மீண்டும் ஆஸ்திரேலியா

1946இல் ஆர்ச்டேல் மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். இம்முறை மட்டையோடு அல்ல. சிட்னி பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரிக்கு முதல்வராகப் பொறுப்பேற்றார். பாட்டிக்குப் பட்டம் மறுக்கப்பட்டது ஒரு பல்கலைக்கழகத்தில். பேத்தி இன்னொரு பல்கலைக்கழகத்தில் மாணவியரின் கல்லூரிக்கே தலைவி! காலம் இப்படியும் கணக்குத் தீர்க்கும் போலும்.

பின்னர், 1958 முதல் 1970 வரை, சிட்னியிலுள்ள ஆபட்ஸ்லீ பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். கட்டுப்பெட்டியாக இருந்த பள்ளியில் பல மாற்றங்களைக் கொண்டுவந்தார். கடுமையான கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். பெண்களுக்குப் பௌதிகம் கற்பிக்கச் செய்தார். இங்கிலாந்தின் வரலாற்றைக் குறைத்து ஆஸ்திரேலிய வரலாற்றுக்கு இடம் தந்தார். பாலியல் கல்வியையும் தொடங்கினார். அக்காலத்தில் இவை எளிதான காரியங்கள் அல்ல. 1997இல் ஆஸ்திரேலியா தன் வாழும் தேசியச் செல்வங்களுள் ஒருவராக இவரை அறிவித்தது.

பூட்டியிருந்த கதவு

லண்டனில் உள்ள லார்ட்ஸ் திடலைக் கிரிக்கெட்டின் தாய்வீடு என்பர். அத்தாய்வீட்டில் மகள்களுக்கு நெடுங்காலம் இடமில்லை. இங்கிலாந்து மகளிர் அணி அத்திடலில் முதன்முதலாக ஆடியது 1976இல்தான். அதாவது, ஆர்ச்டேல் பிரிஸ்பேனில் அணியை நடத்தி 42 ஆண்டுகளுக்குப் பிறகு. அத்திடலுக்கு உரிமையுள்ள எம்.சி.சி. மன்றம் 1787இல் தோன்றியது. 1998இல்தான் பெண்களை உறுப்பினராக்க அதன் உறுப்பினர்கள் வாக்களித்தனர். அதே ஆண்டில் முன்னதாக நடந்த வாக்கெடுப்பில் போதிய பெரும்பான்மை கிடைக்காமல் போயிருந்தது.

1999இல் பத்துப் பெண்களுக்கு மன்றத்தின் கௌரவ உறுப்பியம் வழங்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் பெட்டி ஆர்ச்டேல். அப்போது அவருக்கு வயது 91. மறு ஆண்டு, 2000 சனவரி 11ஆம் நாள், சிட்னியில் காலமானார்.

இங்கிலாந்து வாரியம் மகளிருக்கு முழுநேரத் தொழில்முறை ஒப்பந்தங்களை வழங்கியது 2014இல். இந்தியாவில் 2023இல் தொடங்கிய மகளிர் பிரிமியர் லீக் ஏலத்தில் ஸ்மிருதி மந்தனா 3 கோடியே 40 இலட்சம் ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். 80 பவுன் கட்டிக் கப்பலேறிய பெண்கள் இந்த நாளைக் கனவு கண்டிருப்பார்களா? சொல்ல முடியாது. ஆனால், அவர்கள் ஏறாமல் கரையிலேயே நின்றிருந்தால் இந்த நாள் இவ்வளவு விரைவில் வந்திருக்காது என்பது உறுதி. அதே வேளையில், கட்டப் பணமில்லாமல் கரையிலேயே நின்றுவிட்ட பெண்களும் இருந்தார்கள். ஒப்பந்தமும் சம்பளமும் வேண்டும் என்று இன்று கேட்பது ஆடம்பரத்துக்காக அல்ல. அப்படி யாரும் கரையில் நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

நம் பல்கலைக்கழகங்களிலும் எத்தனையோ மாணவிகள் பேருந்துக் கட்டணமும் பயிற்சி உடையும் சொந்தச் செலவில் பார்த்துக்கொண்டு போட்டிகளுக்குச் சென்று வருகிறார்கள். கோப்பை கிடைத்தால் படம் எடுத்துக்கொள்ள நாம் கூடி நிற்கிறோம். அவர்கள் புறப்படும் நாளிலும் கொஞ்சம் கூடி நிற்போமே. அணித்தலைவி ஆர்ச்டேலின் 133 ஓட்டங்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவாக இருக்கட்டும்.