திருவண்ணாமலையில் பிறந்த கோடு: ஓவியர் சந்தானராஜின் கதை

பௌர்ணமிக்கு கிரிவலம் போயிருப்பீங்க. 14 கிலோமீட்டர் நடந்து, கால் வலிக்க வலிக்க ராஜகோபுரத்துக்கு முன்னாடி நின்னு ஒரு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸும் போட்டிருப்பீங்க. அதே ஊர்ல பிறந்த ஏ.பி.சந்தானராஜ்ங்கிற பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லைன்னா வருத்தப்படாதீங்க, திருவண்ணாமலைக்காரங்களே பலர் கேள்விப்பட்டதில்லை.

1932-ல் பிறந்தவர். அவர் வளர்ந்த காலத்தில் ரமணர் அந்த ஊரில் வாழ்ந்துகொண்டிருந்தார். அவரைப் பார்க்க உலகமே வந்துகொண்டிருந்தது. இந்தப் பையனோ ஓவியம் படிக்க மெட்ராஸுக்குக் கிளம்பினார். ஓவியம் சோறு போடும் என்று யாரும் நம்பாத காலம் அது. (இப்பவும் வீட்ல சொல்லிப் பாருங்க, தெரியும்!)

அவர் சேர்ந்தது பெரியமேட்டில் இருக்கிற அரசு ஓவியப் பள்ளி. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. சந்தானராஜ் படித்தபோது அங்கே முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்க்கிறீங்களே, அதைச் செய்தவர். 1953-ல் சந்தானராஜ் டிப்ளமோ முடித்தார். பிறகு அங்கேயே ஆசிரியராகவும் ஆனார்.

அந்தக் கேம்பஸுக்குள் அப்போது ஒரு பெரிய கேள்வி சுற்றிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய பாணியில் வெளிச்சமும் நிழலுமாக வரையக் கத்துக்கிட்டாச்சு, சரி. ஆனால் நம்ம ஊர் நவீன ஓவியம் எப்படி இருக்கணும்? 1957-ல் முதல்வரான கே.சி.எஸ்.பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் இதையேதான் மண்டைக்குள் போட்டு உருட்டினார்கள். அதிலிருந்து வந்ததுதான் இன்னைக்கு ‘மெட்ராஸ் இயக்கம்’ என்று சொல்லப்படுவது. அவர்களில் பலர் கண்டடைந்த பதில் ஒற்றைச் சொல்: கோடு. யோசிச்சுப் பாருங்க, வாசலில் போடுற கோலமே புள்ளியைச் சுற்றி ஓடுற கோடுதானே! கோயில் சுவரோவியங்களிலும் உருவத்தைப் பிடித்து நிறுத்துவது நிழல் இல்லை, கோடு.

அந்தக் கோட்டில் பெரிய கைகாரர் சந்தானராஜ். ஆனால் அவர் கோடு சமர்த்தாக எல்லை போட்டு நிற்காது. மனித உருவத்தைத் தொடங்கும், பாதியில் விட்டுவிட்டு வேறெங்கோ போகும். வண்ணமும் கோட்டுக்குள் அடங்காமல் தன் இஷ்டத்துக்குப் பரவும். சின்ன வயசில் கலரிங் புக்கில் ‘கோட்டைத் தாண்டாதே’ன்னு டீச்சர் சொன்னது ஞாபகம் இருக்கா? அதுக்கு நேர் எதிர்! 1980-களில் ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா என்று எல்லா இடத்திலும் உருவத்தைச் சிதைத்து, உணர்ச்சியை அப்படியே கேன்வாஸில் கொட்டும் பாணிக்கு ‘நியோ எக்ஸ்பிரஷனிசம்’ என்று பேர் வைத்துக் கொண்டாடினார்கள். உங்க டி-ஷர்ட்டில் இருக்கிற பாஸ்கியா அந்த அலையில் வந்தவர். நம்ம மெட்ராஸ்காரங்க அதற்கு முன்பிருந்தே உருவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பேர் வைக்கத்தான் ஆள் இல்லை.

1966-ல் பணிக்கரோடு ஓவியர்கள் பலர் சேர்ந்து ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் சோழமண்டலம் கலைக்கிராமத்தை உருவாக்கினார்கள். அந்தப் பேர் ஊருக்கே தெரிந்தது. சந்தானராஜின் வாழ்க்கையோ பெரும்பாலும் வகுப்பறையில் கழிந்தது. 1985-லிருந்து 1990 வரை தான் படித்த அதே கல்லூரிக்கு முதல்வர். நிர்வாகம், ஃபைல், அட்மிஷன் எல்லாம் பார்த்துக்கொண்டே வரைவது எவ்வளவு கஷ்டம் என்பது வேலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் வேலை அவருடைய புகழைத் தின்றுவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கணக்கை இன்னொரு பக்கமும் போடணும். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் ட்ராட்ஸ்கி மருது. பத்திரிகைகளிலும் புத்தக அட்டைகளிலும் மருதுவின் சீறும் கோடுகளைப் பார்த்திருப்பீங்க. வாத்தியார் பேர் தெரியாமலேயே வாத்தியாரின் கோட்டை நாம பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

2009-ல் சந்தானராஜ் காலமானார்.

அடுத்த முறை அவர் ஓவியம் ஒன்று போனில் கண்ணில் பட்டால், உடனே ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. இது என்ன உருவம்னும் தேடாதீங்க. ஏதாவது ஒரு கோட்டைப் பிடிச்சுக்கிட்டு, அது எங்கே போய் முடியுதுன்னு கண்ணாலேயே கூட நடந்து பாருங்க. கிரிவலம் மாதிரி, அவசரமில்லாம.