மாத்திரை தந்த மேதை சுப்பாராவ்

எங்க தாத்தாவுக்கு நடுக்குவாதம். அவர் போடும் ஒரு மாத்திரை, மூளையில் டோபமைனை அழிக்கும் நொதியைத் தடுக்குமாம். அந்த வகை மருந்தில் சிலது மனச்சோர்வுக்கும் தருவாங்களாம். இப்படி நொதியைத் தடுத்து நோயை விரட்டும் மருந்துகளின் முன்னோடிகளில் ஒருவர், நம்ம சென்னையில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895-ல் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தார். மெட்ரிக் தேர்வில் இரண்டு தடவை தோற்றார். மூன்றாம் தடவை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து ஜெயித்தார். உடன்பிறந்தவர் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல்நோய் கொண்டு போனது. சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. 1923-ல் அமெரிக்கா போய், ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துக்கொண்டே படித்தார்.

பிறகு அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. உடன்பிறந்தவர்களைக் கொன்ற நோய்க்கு அதுவே மருந்தானது! அதே உருவத்தில் செய்த மெத்தோட்ரெக்சேட், புற்றணுக்களின் நொதியை ஏமாற்றித் தடுக்கும். 1948-ல், 53 வயதில் இறந்தார். நோபல் பரிசு கிடைக்கவேயில்லை.

பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் இருக்கு. ஜன்னல் வழியா எறியும் தோழிகளே, இனிமேல் எறியாதீங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி