55 தொகுதி எழுதியவருக்கு மிஞ்சிய ஒரு சொல்: லெனினின் கடைசி 10 மாதங்கள்

ரஷ்யப் புரட்சியின் தலைவர் லெனின் எழுதியதும் பேசியதும் ரஷ்ய மொழியில் 55 தொகுதிகளாக வந்திருக்கின்றன. அப்படிப்பட்டவர் தன் கடைசி 10 மாதங்களைக் கிட்டத்தட்ட ஒரே ஒரு சொல்லோடு கழித்தார். என்ன ஆச்சு?

யார் இவர்?

1870 ஏப்ரல் 22-ல் வோல்கா நதிக்கரையில் உள்ள சிம்பிர்ஸ்க் நகரில் பிறந்தவர் விளாதிமிர் இலியிச் உல்யானோவ். லெனின் என்பது புனைபெயர். சட்டம் படித்தார். சைபீரியாவில் தண்டனைக் காலம், பிறகு பல ஆண்டுகள் வெளிநாட்டு வாசம். 1917 புரட்சி அவரை ஆட்சியில் அமர்த்தியது. அதுவரை அவர் கையில் இருந்த ஆயுதம் பேச்சும் பேனாவும்தான்.

அடுத்தடுத்து பக்கவாதம்

1922 மே மாதம் முதல் பக்கவாதம். அப்போது வயது 52. அவர் அப்பாவும் மூளை ரத்தக்கசிவால்தான் இறந்தார். ஓரளவு தேறி வேலைக்குத் திரும்பினார். ஆனா டிசம்பரில் மறுபடியும் தாக்கியது. வலது கையும் காலும் செயலிழந்தன.

எழுத முடியாது என்பதால் சொல்லச் சொல்ல உதவியாளர்கள் எழுதினார்கள். மருத்துவர்கள் அனுமதித்தது தினமும் 5 முதல் 10 நிமிடம் மட்டும்! அந்த நிமிடங்களில்தான் கட்சி மாநாட்டுக்கான கடிதம் உருவானது. பொதுச்செயலாளர் பதவியிலிருந்து ஸ்டாலினை மாற்ற வழி தேடுங்கள் என்று 1923 ஜனவரி 4-ல் அதில் சேர்த்தார். தன் மனைவி க்ரூப்ஸ்கயாவைத் திட்டியதற்காக மன்னிப்பு கேட்கச் சொல்லி மார்ச் 5-ல் ஸ்டாலினுக்கே ஒரு கடிதம்.

ஐந்தே நாள். மார்ச் 10-ல் மூன்றாவது பக்கவாதம். பேச்சு போய்விட்டது.

அஃபேசியா என்றால் என்ன?

மூளையின் மொழிப் பகுதிகள் சேதமாவதால் வரும் பேச்சிழப்புதான் அஃபேசியா. நாக்கிலோ தொண்டையிலோ கோளாறு இல்லை. சொல்ல நினைப்பது உள்ளே இருக்கும், சொல் மட்டும் வராது. பெரும்பாலானோருக்கு மொழியைக் கவனிப்பது மூளையின் இடது பாதி. உடலின் வலது பக்கத்தை இயக்குவதும் அதே இடது பாதிதான். அதனால்தான் லெனினுக்கு வலது கை, கால், பேச்சு மூன்றும் சேர்ந்து பாதிக்கப்பட்டன.

இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு ஒரு சொல் மட்டும் தங்கிவிடும். லெனினுக்குத் தங்கியது வோத்-வோத். நம்ம இதோ, அதேதான் மாதிரி. சம்மதம், கோபம், கேள்வி எல்லாத்துக்கும் அதுதான். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் அர்த்தம் புரிந்துகொள்ள வேண்டும்.

மறுபடியும் அரிச்சுவடி

மே மாதம் மாஸ்கோவுக்கு வெளியே கோர்க்கி மாளிகைக்கு மாற்றப்பட்டார். ஒருகாலத்தில் தொழிலாளர்களுக்கு மாலைப் பள்ளியில் பாடம் நடத்திய க்ரூப்ஸ்கயா, இப்போது கணவருக்கு ஆசிரியை ஆனார். எழுத்து, அசை, சொல் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். இடது கையால் எழுதப் பழக்கினார். மக்கள், புரட்சி போன்ற சொற்களை அவர் சொன்னால் லெனின் திருப்பிச் சொல்வார். தானாகச் சொல்ல வராது.

ஆனா புரிதல் மெல்ல மெல்லத் திரும்பியது. கோல் ஊன்றி நடந்தார். பத்திரிகைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அக்டோபரில் கடைசியாக ஒருமுறை கிரெம்ளின் போய் வந்தார். 1924 ஜனவரி 21-ல், 53 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் மூளையின் ரத்தக்குழாய்கள் கல் போல இறுகியிருந்தன.

கடிதம் என்ன ஆச்சு?

அந்த ஆண்டு மே மாதம் க்ரூப்ஸ்கயா அதைக் கட்சித் தலைமையிடம் ஒப்படைத்தார். மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு வாசித்துக் காட்டினார்கள். ஸ்டாலின் பதவியில் நீடித்தார். சோவியத் மக்கள் அதை அச்சில் படிக்க 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுதியவரால் எழுந்து நின்று ஒரு வாக்கியம் பேச முடிந்திருந்தால்? அந்தக் கேள்வி இன்னும் இருக்கு.

நம் வீட்டில் யாருக்காவது திடீரென வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதன் பிறகும் பேச்சு வராவிட்டால் பேச்சுப் பயிற்சி இருக்கு. கூடவே ஒன்று: பேச்சு போனவருக்கு அறிவும் போய்விட்டதாக நினைத்து, அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம்.